கணக்கைப் பார்ப்பவரை நாமே தெரிவு செய்வோம்

(மடுல்கெல்லயில் நடந்த தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவியர் கூட்டத்தில் எமது சங்கத்தின் கல்விப் பிரிவு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



ஞாயிற்றுக்கிழமை, அதுவும் இந்த மழையில், பன்வில பக்கமிருந்தும் ஹுலுகங்கைப் பக்கமிருந்தும் வந்திருக்கிறீர்கள். சம்பளப் பேச்சுவார்த்தையைப் பற்றிக் கேட்கலாம் என்று வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இன்றைக்குப் பேசப்போவது கணக்கு. கடைசியில் சம்பளத்துக்கும் வருவோம், ஏனென்றால் அதுவும் கணக்குக்குள்தான் மாட்டிக் கிடக்கிறது.

நாங்கள் ஏன் இந்த விஷயத்தை எடுத்தோம் என்பதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். இந்தப் பிரதேசத்தில் ஒரு டிவிஷன். பெயர் வேண்டாம், இங்கே இருப்பவர்களில் பாதிப்பேருக்குத் தெரியும். நூற்று நாற்பது குடும்பங்கள். மரண உதவிச் சங்கத்துக்கு மாதம் 150 ரூபாய். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அன்றைக்கே 40,000 ரூபாய் அந்த வீட்டுக்குப் போகும். பெட்டி, பந்தல், வந்தவர்களுக்குச் சாப்பாடு, எல்லாம் அதில்தான். பொருளாளர் கவ்வாத்து வெட்டுகிற ஒரு அண்ணன். பதினொரு வருஷம் அவர்தான் பொருளாளர். ஒரு சீ.ஆர். கொப்பியில் வரவும் செலவும் எழுதி, அதை அலுமாரிக்கு மேலே வைத்திருப்பார்.

கொரோனா வந்தது. ஊரடங்கு. வங்கிக்குப் போக வழியில்லை, கூட்டம் கூட முடியவில்லை. சாவு மட்டும் நிற்கவில்லை. அண்ணன் கையில் இருந்த காசைக் கொடுத்தார். பற்றுச்சீட்டுப் புத்தகம் முடிந்துபோயிருந்தது. கிடைத்த அட்டையில் எழுதி வைத்தார். பிறகு லயத்துக் கூரை ஒழுகி அந்த அட்டையும் கொப்பியின் பாதியும் ஊறிப்போயின. 2022 ஆம் ஆண்டு பொதுக்கூட்டம் கூடியபோது 185,000 ரூபாய் குறைந்தது.

முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை. பீலிக்கரையில் பேசினார்கள், மட்டத்தில் பேசினார்கள். "தின்னுட்டான்" என்ற ஒரு சொல் போதுமே. அண்ணன் மனைவியின் சங்கிலியை விற்று 60,000 ரூபாயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். அவர் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டார். சங்கம் இரண்டாகி, பிறகு இல்லாமலே போனது. அடுத்த வருஷம் அதே லயத்தில் ஒரு பாட்டி இறந்தபோது, பிள்ளைகள் பெட்டி வாங்க வட்டிக்குக் காசு எடுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் எங்களிடம் வந்தார்கள். நாங்கள் கண்டியிலிருந்து ஒரு கணக்காளரை அழைத்துக்கொண்டு போய் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தோம். மரணச் சான்றிதழ்களைச் சேர்த்தோம். வீடு வீடாகக் கேட்டோம். பற்றுச்சீட்டு இல்லாமல் மூன்று சாவுக்குக் கொடுத்த காசு 120,000. வேலை குறைந்த அந்த வருஷத்தில் 32 குடும்பங்கள் சந்தா கட்டவில்லை. ஆனால் பட்டியலில் வழக்கம்போலக் கட்டியதாகக் கோடு போட்டிருந்தது. அது 57,600. மீதி 7,400 ரூபாய்க்கு மட்டும்தான் விவரம் கிடைக்கவில்லை. அண்ணன் தின்னவில்லை. அவர்தான் சங்கத்துக்குக் கூடுதலாகக் கட்டியிருக்கிறார். ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்டோம். காசைத் திருப்பிக் கொடுத்தோம். காசை வாங்கிக்கொண்டார், ஊருக்கு வரவில்லை.

கணக்காய்வு என்றால் கள்ளனைப் பிடிக்க வரும் பொலிஸ் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். "எங்க தலைவர் மேல நம்பிக்கை இருக்கு, ஓடிட்டர் எதுக்கு?" என்று பெருமையாகவும் சொல்கிறோம். அந்த டிவிஷனிலும் நம்பிக்கை இருக்கத்தான் செய்தது, பதினொரு வருஷம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை வெளியாள் ஒருவர் அந்தக் கொப்பியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த அண்ணன் இன்றைக்கும் இங்கே முன் வரிசையில் இருந்திருப்பார்.

கணக்கு நமக்குப் புதிதல்ல. அடுத்தவன் எழுதிய கணக்கால் நாம் பட்டது கொஞ்சமல்ல. பெரிய கங்காணி காலத்தில் துண்டு முறை இருந்தது. நம்முடைய கடன் எவ்வளவு என்று கங்காணி எழுதுவார், அந்தத் துண்டோடு நம்மை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றுவார்கள். பாட்டன் பட்ட கடன் சரியா பிழையா என்று பார்க்க நம்மிடம் எழுத்தும் இல்லை, ஆளும் இல்லை. 1921 இல்தான் துண்டு சட்டப்படி ஒழிந்தது. பத்து வருஷம் கழித்து, 1931 இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த கோ. நடேசய்யர் இலங்கைக்கு வருமுன் தஞ்சாவூரில் வணிகப் பாடம் கற்பித்த ஆசிரியர். கணக்குப் பதிவு பற்றித் தமிழில் நூல் எழுதியவர். அவரைப் பேச்சாளர், பத்திரிகைக்காரர் என்று நினைவு வைத்திருக்கிறோம். கணக்கு தெரிந்தவர் என்பதை மறந்துவிட்டோம்.

சரி, யாரைப் பிடிப்பது?

முதலில் இரண்டு வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். கணக்கு எழுதுவது ஒரு வேலை. எழுதிய கணக்கைப் பார்த்து அபிப்பிராயம் சொல்வது வேறு வேலை. இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள். தன் விடைத்தாளுக்குத் தானே புள்ளி போடுகிற மாதிரி ஆகிவிடும். பொருளாளரின் மச்சானும் வேண்டாம், தலைவரின் மருமகனும் வேண்டாம். ஆள் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் அவர் சொல்வதை லயத்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

இலங்கையில் பட்டயக் கணக்காளர் என்று போட்டுக்கொள்ள எல்லோருக்கும் உரிமை இல்லை. 1959 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தில் அங்கத்தவராக இருக்க வேண்டும். வெளியாருக்குக் கணக்காய்வு செய்து கையெழுத்துப் போடுவதற்கு, அங்கத்துவத்தோடு தொழில் நடத்தும் சான்றிதழும் வேண்டும். ஆகவே வருகிறவரிடம் அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. வைத்தியரிடம் போகும்போது பதிவு பெற்றவரா என்று பார்க்கிறோம் அல்லவா? இலக்கத்தை வாங்கி, கொழும்பில் உள்ள நிறுவகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் போதும். உண்மையான ஆள் இதற்குக் கோபப்படமாட்டார்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், நாங்களே ஒருமுறை ஏமாந்தோம். கையில் தோல் பை, கழுத்தில் டை. ஒரு தோட்டத்தின் மாதர் சங்கக் கணக்குக்கு 15,000 ரூபாய் வாங்கினார். கொப்பிகளைத் திறக்கவில்லை. மொத்தத்தை மட்டும் கேட்டு எழுதி, பெரிய முத்திரை ஒன்றைக் குத்திக் கொடுத்தார். முத்திரையில் பெயர் இருந்தது, இலக்கம் இல்லை. அதைக் கொண்டுபோய்ப் பிரதேச செயலகத்தில் கொடுத்தபோதுதான் வெளுத்தது.

ஒவ்வொரு சின்னச் சங்கத்துக்கும் பட்டயக் கணக்காளர்தான் வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. மாதம் இருபதாயிரம் புழங்கும் மரண உதவிச் சங்கத்துக்கு ஏ.ஏ.டி. முடித்த நம் பிள்ளை ஒருவரோ, ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தரோ போதும். உங்கள் யாப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், அதன்படி செய்யுங்கள். தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் என்றால் அது கூட்டுறவுச் சட்டத்துக்குள் வருகிறது, அங்கே கணக்காய்வுக்குத் திணைக்களத்தின் ஏற்பாடு இருக்கிறது. தொழிற்சங்கத்தின் கதை இன்னும் வேறு. 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி, கணக்காய்வு செய்த வரவு செலவு அறிக்கை வருஷந்தோறும் பதிவாளருக்குப் போயாக வேண்டும். அதோடு இன்னொன்றும் இருக்கிறது: சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை சந்தா கட்டும் அங்கத்தவருக்கு உண்டு. எங்கள் சங்கத்தின் புத்தகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். வந்து கேளுங்கள்.

ஆளைக் கண்டபிறகு பேசவேண்டிய விஷயங்களில் முதலாவது பாஷை. கண்டியில் இருக்கும் கணக்காளர்களில் கூடுதலானோர் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும்தான் அறிக்கை எழுதுவார்கள். அறிக்கை தமிழிலும் வேண்டும், பொதுக்கூட்டத்துக்கு வந்து பத்து நிமிஷம் தமிழில் விளக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அவரால் முடியாவிட்டால் அவருடைய கந்தோரில் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். விளங்காத பாஷையில் இருக்கும் அறிக்கை, தலைவரின் மேசை லாச்சிக்குள் போய்ப் படுத்துவிடும். அப்புறம் அதைத் தேடுவதற்கு ஒரு கூட்டம் போட வேண்டியிருக்கும்.

அடுத்தது கூலி. எவ்வளவு, எப்போது, போக்குவரத்துச் செலவு அதற்குள்ளேயா வெளியேயா என்பதெல்லாம் ஒரு கடிதத்தில் வரவேண்டும். என்னென்ன பார்ப்பார், எந்தத் திகதிக்குள் அறிக்கை தருவார் என்பதும் அதே கடிதத்தில். இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள். மிகக் குறைவாகக் கேட்கிறவரைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். எத்தனை நாள் வந்து உட்காருவார் என்று கேளுங்கள், அதில் தெரிந்துவிடும். அந்தக் கடிதம் தலைவரின் பெயருக்கு அல்ல, சங்கத்தின் பெயருக்கு வரவேண்டும். அவரை நியமிப்பது பொதுக்கூட்டம், அறிக்கை கேட்பதும் பொதுக்கூட்டம். பொருளாளருக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதற்காக நடு வருஷத்தில் மாற்றக் கூடாது.

நம்முடைய பக்கத்தில் செய்யவேண்டியது நிறைய இருக்கிறது, அதில்தான் நாம் குறை வைக்கிறோம். பில், பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு உரப் பையில் போட்டுக் கட்டி அவர் முன்னால் கொட்டினால், அடுக்கிப் பார்ப்பதற்கே அவர் காசு கேட்பார், கேட்பது நியாயமும்கூட. இலக்கம் அச்சடித்த பற்றுச்சீட்டுப் புத்தகம் வாங்குங்கள். பிழைத்த சீட்டைக் கிழித்தெறியாமல் "இரத்து" என்று எழுதிப் புத்தகத்திலேயே விடுங்கள். மரணக் காசு கொடுக்கும்போது வாங்குகிறவரின் கையொப்பம், பக்கத்தில் ஒரு சாட்சி. சாவு வீட்டில் போய்க் கையெழுத்துக் கேட்க மனம் வராது, எங்களுக்குத் தெரியும். எட்டாம் நாள் போய் வாங்குங்கள். சந்தாக் காசை வீட்டில் வைக்காமல் அந்த வாரத்துக்குள் வங்கியில் போடுங்கள். மாத முடிவில் வங்கிப் புத்தகமும் கொப்பியும் ஒன்றாக இருக்கிறதா என்று இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திடுங்கள். கையில் தொலைபேசி இருக்கிறது, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து இரண்டு பேரின் தொலைபேசியில் வையுங்கள். கூரை ஒழுகினாலும் அது அழியாது.

அவர் வந்தால் என்ன செய்வார்? எல்லாச் சீட்டையும் ஒவ்வொன்றாகப் பார்க்கமாட்டார். சிலதைப் பொறுக்கி எடுத்துப் பார்ப்பார். வங்கிக்கு எழுதி மீதியை உறுதிசெய்வார். நாம் காட்டும் புத்தகத்தை மட்டும் நம்பி எழுதுகிறவர் என்றால் சந்தேகப்படுங்கள். லயத்தில் நாலு வீட்டுக்குப் போய் "நீங்கள் எவ்வளவு கட்டினீர்கள்?" என்று கேட்கவும் கூடும், கேட்கட்டும். கேட்ட தாளை ஒளிக்காமல் கொடுங்கள். பிழை நடந்திருந்தால் அவர் கண்டுபிடிக்குமுன் நாமே சொல்வது நல்லது.

அவர் கையெழுத்துப் போட்டதால் எல்லாம் சுத்தம் என்றும் நினைக்கக் கூடாது. அவர் சொல்வது, நாம் கொடுத்த தாள்களைப் பார்த்த அளவில் கணக்கு உண்மையாகவும் நியாயமாகவும் இருக்கிறது என்பதுதான். கணக்குக்கே வராத காசு அவர் கண்ணில் படாமல் போகலாம். அறிக்கையை வாசிக்கும்போது ஒரு சொல்லைத் தேடுங்கள்: "தவிர". "பற்றுச்சீட்டு இல்லாத இந்தச் செலவைத் தவிர, கணக்கு சரி" என்று இருந்தால், அந்த ஒரு வரிக்காகத்தான் நாம் கூலி கொடுத்திருக்கிறோம். அந்த வரியைப் பொதுக்கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். அபிப்பிராயம் சொல்லவே முடியாது என்று எழுதியிருந்தால், அன்றைக்கு வேறு விஷயம் எதுவும் பேச வேண்டாம்.

காசு எங்கே கிடக்கிறது என்பதையும் அவரிடம் கேளுங்கள். கூடுதல் வட்டி என்று கேட்டதும் நமக்கு ஆசை வரும். 2008 இல் விழுந்த கோல்டன் கீ நிறுவனத்துக்கு வைப்பு எடுக்க மத்திய வங்கியின் அனுமதியே இருக்கவில்லை. அனுமதி இருந்தாலும் ஆபத்து இல்லாமல் போவதில்லை. 2020 மே மாதம் த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தபோது, காப்புறுதியின்படி வைப்பாளர் ஒருவருக்கு உடனே கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 600,000 ரூபாய். சாவுக் காசு வட்டிக்காகச் சேர்ப்பதல்ல, கேட்ட நாளில் கைக்கு வரவேண்டிய காசு.

கணக்காளரே வேண்டாத இடமும் இருக்கிறது. சேமலாப நிதி எடுத்துத் தருகிறோம் என்று கண்டியில் சிலர் காசு பிடுங்குகிறார்கள். அதற்குத் தொழில் திணைக்களம் இருக்கிறது, நமது காரியாலயம் இருக்கிறது, ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். ஓய்வுபெற்ற காசை நிலையான வைப்பில் போட்டிருப்பவர்களுக்கு 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீத வரி பிடிக்கிறார்கள். வருஷ வருமானம் 18 இலட்சம் ரூபாயைத் தாண்டாதவர்கள் வரி இலக்கத்தோடு சுய பிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். இதை நிரப்பவும் யாருக்கும் கூலி கொடுக்காதீர்கள், நாங்கள் நிரப்பித் தருகிறோம்.

இனிச் சம்பளத்துக்கு வருவோம்.

2021 இல் நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. 2024 இல் 1,700 என்று வந்தது, மறுபடியும் நீதிமன்றம். கடைசியில் அந்த வருஷம் செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 என்று நின்றது. ஒவ்வொரு தடவையும் அவர்கள் சொல்வது ஒன்றுதான்: கொடுக்க முடியாது, நட்டம். நாம் என்ன செய்தோம்? கொடி பிடித்தோம், வேலைநிறுத்தம் செய்தோம். அது வேண்டும். ஆனால் நட்டம் என்கிறவரின் கணக்கைப் பிரித்துப் பார்க்க ஒரு ஆள் நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டாமா?

1992 இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போயின. அவற்றில் பல பங்குச் சந்தையில் இருக்கின்றன. ஆகவே கணக்காய்வு செய்த வருடாந்த அறிக்கையை அவை வெளியிட்டாக வேண்டும். அது இரகசியத் தாள் அல்ல, யாரும் எடுத்து வாசிக்கலாம். அதில் முகாமைக் கம்பனிக்கு எவ்வளவு கட்டணம் போகிறது என்று இருக்கும். அதே குடும்பத்து வேறு கம்பனிகளோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று இருக்கும். நமது சேவைக்காலப் பணத்துக்காக எவ்வளவு கடப்பாடு காட்டியிருக்கிறார்கள் என்றும் இருக்கும். ஐந்து வருஷம் முடித்த தொழிலாளிக்கு வருஷத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம் என்ற அந்தக் காசுதான். அரசாங்கத்திடம் பொற்பங்கு ஒன்று இருக்கிறது. அதை வைத்து, இரண்டு வார அறிவித்தல் கொடுத்து எந்தக் கம்பனியின் புத்தகத்தையும் திறைசேரி பார்க்கலாம். பார்க்கச் சொல்லிக் கேட்கவேண்டியது நாம். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தரக் கணக்காளர் வேண்டும்.

அரச தோட்டங்களில் சேமலாப நிதியைக் கட்டாமல் விட்ட கதை இங்கே பலருக்கு வீட்டுக் கதை. அந்த நிலுவைகள் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கைகளில் எழுதப்பட்டதால்தான் கம்பனி மறுக்க முடியாத தாளாக அவை நம் கைக்கு வந்தன. யாரோ ஒரு உத்தியோகத்தர் புத்தகத்தைத் திறந்து, கட்டவேண்டியது இவ்வளவு, கட்டியது இவ்வளவு என்று எழுதி வைத்தார்.

ஆகவே வருகிற பேச்சுவார்த்தைக்குமுன் சங்கச் செலவில் ஒரு பட்டயக் கணக்காளரை அமர்த்த நிர்வாக சபையிடம் கேட்டிருக்கிறோம். இந்தச் செலவு வீண் என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து சொல்லலாம். ஒரு விஷயம் மட்டும் தயவுசெய்து நினைவில் வையுங்கள். கம்பனிக்காரன் கணக்கைக் கேட்கப் போகுமுன், நமது கொப்பி திறந்தபடி இருக்க வேண்டும். அவன் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

தேத்தண்ணி வந்துவிட்டது. கொப்பி கொண்டுவந்த பொருளாளர்கள் இந்த இடது பக்க மேசைக்கு வாருங்கள், கணக்காளர் தம்பி நாலு மணி மட்டும் இருப்பார். கொண்டுவராதவர்களின் பெயரையும் டிவிஷனையும் எழுதிக்கொள்கிறோம். அடுத்த மாதம் நாங்களே உங்கள் தோட்டத்துக்கு வருகிறோம்.